இன்வேர்ட்டர் வாங்க முன்னம்

2025 பெப்ரவரி 9, இலங்கை முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீங்க. கதிரவெளியில் இன்வேர்ட்டர் வாங்க யோசிக்கிற உறவுகளுக்கு ஒரு விசயம்.

அரைக் குதிரைவலு தண்ணி மோட்டார் ஓடும்போது 500 வோட்ஸ் அளவில்தான் இழுக்கும். சுவிட்ச் போட்ட கணத்திலோ ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும்; இதைத்தான் 'சர்ஜ்' என்பாங்க. 1000 வோட்ஸ் இன்வேர்ட்டர் பெரும்பாலும் அதன் இரட்டிப்பைத்தான் ஒன்றிரண்டு செக்கன் தாங்கும். அதற்கு மேலே போனால் சிவப்பு லைட் எரிந்து, பீப் சத்தம் போட்டுத் தானே நின்றுவிடும். அது பழுதில்லை, உள்ளே இருக்கிற மொஸ்பெட் என்ற பாகம் எரியாமல் காக்கிற பாதுகாப்பு.

இன்வேர்ட்டர் நிற்குது என்பதுக்காகப் பியூசில தடித்த கம்பி போட்டுடாதீங்க, வீடே எரியும். கடையில் 'சர்ஜ் எத்தனை வோட்ஸ் தாங்கும்?' என்று கேட்டு வாங்குங்க. மோட்டாரை முதல்ல போட்டு, பிறகு மற்றதைப் போடுங்க.