காத்திருந்த தமக்கை



சில மாதங்களுக்கு முன் நம் சபையார் வீடு ஒன்றிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். அங்கே நான்கு வயது மகனுக்குப் பேச்சு தாமதமாக வருகிறது. "தம்பி, உன் பேர் என்ன?" என்று கேட்டேன். அவன் வாய் திறக்குமுன் ஒன்பது வயது அக்காள் பதில் சொல்லிவிட்டாள். சாப்பிட்டாயா என்றேன், அதற்கும் அவளே பதில். "நல்ல அக்கா" என்று அவளைப் பாராட்டி, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து வந்தேன்.

நான் அவசரப்பட்டுவிட்டேன். பேச்சுப் பயிற்சி அளிப்பவர் அடுத்த முறை அக்காளையும் அழைத்துவரச் சொன்னாராம். தம்பியிடம் ஒன்று கேட்டால், மனதிற்குள் பத்து எண்ணும்வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அவன் "பால்" என்றால், திருத்தாமல் "பால் வேணும்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்ல வேண்டும். பந்து உருட்டினால் மாறி மாறி உருட்ட வேண்டும். அவ்வளவே, பாடம் நடத்துவது அவள் பொறுப்பன்று. தினமும் சிறிது நேரம் தாய் அவளோடு மட்டும் இருக்க வேண்டும் என்றும் சொன்னாராம். அம்மாவின் நேரமெல்லாம் தம்பிக்கே போகிறது என்ற வருத்தம் அவளுக்குள் இருந்ததைத் தாய் அன்றுதான் அறிந்தார்.

மந்தநாவுள்ள மோசேக்காக ஆரோன் பேசியதை நாம் அறிவோம். ஆனால் நாணற்பெட்டியில் கிடந்த அந்தத் தம்பியைத் தூரத்தில் நின்று கவனித்த தமக்கையையும் எண்ணிப்பாருங்கள். அவள் காத்திருந்தாள், வேளை வந்தபோது மாத்திரம் பேசினாள். உபாகமத்திலோ, இஸ்ரவேலர் அனைவர்முன்பும் மோசேயே நெடுநேரம் பேசுகிறார்.

சென்ற வாரம் அவ்வீட்டில் அதே கேள்வியைக் கேட்டேன். மௌனம் நீண்டது. அக்காள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முந்திக்கொண்டு உதவத் துடித்தவன் நான்தான். பிறகு அவன் தன் பெயரில் பாதியைச் சொன்னான். "நான் சொல்லவே இல்ல, ஐயா!" என்றாள் அவள். இம்முறை அவளை அறிந்தே ஆசீர்வதித்தேன்.

பிரியமானவர்களே, பிள்ளையின் பேச்சு தாமதித்தால், தானாக வரும் என்று நாட்களைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, செவித்திறனையும் பரிசோதியுங்கள். பயிற்சிக்குப் போகையில் உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் செல்லலாமா என்று கேளுங்கள். ஆலயத்தில் அப்படிப்பட்ட பிள்ளையைச் சந்தித்தால், கேள்வி கேட்டபின் நீங்களும் சற்றுக் காத்திருங்கள்.

நம் சொற்களுக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் தேவன், அந்தப் பொறுமையை நமக்கும் அருளுவாராக. ஆமென்.