பாய்ச்சலைப் படம் பிடிக்கப் போனேன்

ஷெல்ட் நதிக்கரையிலே அமைந்துள்ள அன்ற்வேர்ப் நகரம் பெல்ஜிய நாட்டின் பெருந்துறைமுகம். வைர வாணிபத்துக்கும் ஓவியர் ரூபென்ஸின் இல்லத்துக்கும் பேர்போனது. ஆனால் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி நான் தேடிச் சென்றது ஸ்போர்ட்பலைஸ் என்னும் விளையாட்டரங்கையே. உலக ஜிம்னாஸ்டிக் போட்டி 1903இல் முதன்முதலாக நடந்தது இந்நகரிலேதான். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2013இல், தமது பதினாறாம் வயதில், முதல் உலகப் பட்டம் பெற்றதும் இதே அரங்கில்.

அந்நகரில் வாழும் என் தங்கையின் மகளும் உடன் வந்தாள். அவளும் ஜிம்னாஸ்டிக் பயில்கின்றவள். “மாமா, சிமோன் பாய்வதைப் பிடித்துத் தரவேண்டும், என் அறையில் மாட்டப்போகிறேன்” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கலியாண வீடுகளிலே உறவினரைப் படம் பிடித்துப் பழகிய நான், “அதற்கென்ன” என்றேன். கலியாண மாப்பிள்ளை அசையாமல் நிற்பார் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கண்ணுக்குப் பகல்போல் தோன்றிய அரங்கு கமராவுக்கு அந்திப்பொழுதாகவே இருந்தது. துள்ளும் உடலைத் தெளிவாகப் பிடிக்க விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு வேகம் வேண்டும். அதற்குள் நுழையும் ஒளியோ சொற்பம். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பெருவாய் லென்சுகளுடன் களத்தருகே அமர்ந்திருந்தனர். மேல்மாடத்திலிருந்த என்னுடைய மலிவு லென்ஸ் அவற்றின் ஒளியிற் காற்பங்கையே உள்ளே விட்டது. ஐ.எஸ்.ஓ. எண்ணை 6400க்கு உயர்த்தினேன். படமெங்கும் மணல் தூவினாற் போலாயிற்று. பிளாஷ் ஒளிக்கோ தடை. 10 சென்ரிமீற்றர் அகலச் சட்டத்தின்மீது கரணமிடும் பெண்ணின் கண்ணில் அது பட்டால் என்னாவது? நியாயமான தடையே.

தானாகக் குவியம் தேடும் கமரா, பறக்கும் பெண்ணை விட்டுப் பின்னாலிருந்த விளம்பரப் பலகையையே நாடிற்று. மேலெழுந்த உடல் கீழிறங்குமுன் ஒரு கணம் நின்றாற் போலத் தோன்றும். அதைக் கண்டபின் விரலை அழுத்தினால் பிந்திவிடும். சற்று முன்னரே அழுத்தவேண்டும். வித்தைகளின் வரிசையறிந்த மருமகள், “இப்போது!” என்று தோளில் தட்டினாள். அவள் தயவில் சட்டத்தின்மீது இரண்டு படங்கள் தேறின.

பின்பு சிமோனின் முறை வந்தது. அரைப் புள்ளி குறையுமென்று தெரிந்தும், பாதுகாப்புக்காகப் பயிற்சியாளர் மெத்தையருகே நின்றார். சிமோன் ஓடிவந்து, பாய்பலகையைப் பின்புறமாக மிதித்து, மேசையிற் கையூன்றி எழுந்து, முழங்கால் மடக்காமல் இடுப்பில் மடிந்தபடி பின்புறமாக இருமுறை சுழன்றார். சர்வதேசப் போட்டியில் அதுவரை எந்தப் பெண்ணும் செய்திராத பாய்ச்சல். இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்வளவும் மருமகள் சொல்லி நான் அறிந்தவை. அரங்கம் ஆர்ப்பரித்தபோது கமராவின் சிறு கண்ணினூடே மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ட்ராம் வண்டியிலே படங்களைப் பார்த்தோம். ஒன்றில் வெறும் மேசை. ஒன்றில் பயிற்சியாளரின் கைகள், வெகு தெளிவாக! இன்னொன்றின் மேல்விளிம்பிலே இரண்டு பாதங்கள்.

“இதைத் தாருங்கள் மாமா, போதும்” என்றாள்.

“மிகுதி எப்படியிருந்தது?” என்று கேட்டேன். ஆசனத்தை விட்டெழுந்து கைகளாற் காட்டத் தொடங்கினாள். நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பிடம் கடந்து போயிற்று.