கரைக்கு ஒரு கதவா?

ஆவடி என்ற சொல்லைக் கேட்டதும் அரசியல் ஏடுகளைப் புரட்டியவர்க்கு ஒரு தீர்மானம் நினைவுக்கு வரும். 1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காங்கிரசு மாநாடு இங்கேதான் கூடிற்று. சோஷலிச பாணியில் சமுதாயம் அமைப்போம் என்று இங்கேதான் முழங்கிற்று. பந்தல் பிரித்தார்களே, பாணி எங்கே போயிற்று என்று கேட்போர் இன்றும் உண்டு. அந்தக் கதைக்கு நான் வரவில்லை. ஆவடி என்றதும் என் நெஞ்சிலே எழுவது பருத்திப்பட்டு ஏரிதான்.

பூந்தமல்லிக்குப் போகும் சாலையை ஒட்டிக் கிடக்கும் ஏரி அது. பரப்பு 87 ஏக்கர் என்பது கணக்கு. வயல்கள் வீட்டு மனைகளாயின. வயல் போனதும் பாசனம் போயிற்று. பாசனம் போனதும் ஏரியைப் பற்றிய கவலையும் போயிற்று. எஞ்சியது சாக்கடை! மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்த ஆயிரவரில் நானும் ஒருவன். பின்னர்ப் பொதுப்பணித்துறை தூர் வாரிற்று, கரையைக் கட்டிற்று, கழிவுநீரைத் தூய்மையாக்க நிலையம் வைத்தது, சுற்றிலும் நடைபாதை போட்டது. 2019ஆம் ஆண்டு அது பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 28 கோடி ரூபாய். நன்று! நாரையும் நீர்க்கோழியும் திரும்பி வந்த காட்சியைக் கண்டு மகிழாதவன் மனிதனல்லன். ஆயின், அந்த 28 கோடி எவர் வீட்டுப் பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும் தேயிலை வாங்கும்போதும் வரி கொடுக்கிறாரே, அந்த ஏழையின் பங்கும் அதிலே உண்டு.

கட்டி முடித்தபின் வருவதுதான் கடினமான கேள்வி. புல்லை வெட்ட ஆள் வேண்டும், விளக்கு எரிய மின்சாரம் வேண்டும், ஆகாயத்தாமரையை அகற்ற ஆண்டுதோறும் பணம் வேண்டும். நகராட்சிகளின் கருவூலமோ காற்றாடுகிறது. இந்த இடத்திலேதான், "அரசும் தனியாரும் கூட்டுச் சேரட்டும்" என்ற யோசனை மெல்ல நுழைகிறது. அண்டையிலுள்ள வில்லிவாக்கம் ஏரியில், மாநகராட்சி வகுத்த திட்டத்திலே, கண்ணாடித் தொங்குபாலமும் கேளிக்கைப் பூங்காவும் இடம்பெற்றன. கேளிக்கைக்குத் தனியார் கூட்டு என்றார்கள். கூட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். கணக்கைப் பார்க்கலாமே!

சாலைக்குச் சுங்கம் உண்டு, துறைமுகத்துக்குக் கட்டணம் உண்டு. போட்ட முதலைத் தனியார் அதிலிருந்து எடுத்துக்கொள்வார். பூங்காவிலே எதை எடுப்பார்? காற்றையும் நிழலையும் மூட்டை கட்டி விற்க முடியாது. ஆகவே நுழைவுச்சீட்டு, படகுச்சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம், தின்பண்டக் கடை, விளம்பரப் பலகை ஆகிய இவைதாம் வழி. எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன்: தலைக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். அம்பத்தூர்ப் பட்டறையிலே கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி, மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக ஞாயிறுதோறும் வந்தால் திங்களுக்கு 400 ரூபாய். அவர் என்ன செய்வார்? திங்களுக்கு ஒருமுறை வருவார். பிறகு பொங்கலுக்கு மட்டும் வருவார். இன்னொரு வகையினர் காரிலே வந்து நூறும் இருநூறும் செலவிட்டுப் போவார்கள். வருமானக் கணக்கு எவரை நோக்கிப் பூங்காவைத் திருப்பும் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை!

நகரத்துப் பூங்கா ஒன்றிலே நான் கண்டதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூதாட்டி பேரனுடன் வாயிலண்டை வந்து நின்றார். "சீட்டு எங்கே?" என்றார் காவலர். "ஏரியைப் பார்க்கச் சீட்டா?" என்று கேட்டார் அந்த அம்மையார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. காவலர் மீது எனக்குச் சினமில்லை. அவரும் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஏழைதானே. பேரன் மட்டும் வேலிக் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோழர்களே! நீர்க்கரைக்கு வேலி போடுவது இந்நாட்டிற்குப் புதிதன்று. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் குளத்திலும் எல்லார்க்கும் உரிமை உண்டு என்று சொல்வதற்கே, 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மகாடு என்னும் ஊரின் சவுதார் குளத்திலே ஒரு கை நீர் அள்ளிப் பருகுவதற்காக அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. சாதி வேலியும் சீட்டு வேலியும் ஒன்றே என்று நான் வாதிடவில்லை. முன்னது பிறப்பைக் கேட்டது, பின்னது பையைக் கேட்கிறது. வெளியே நிற்பவர் மட்டும் பெரும்பாலும் அதே தெருக்காரர்.

இதைச் சொன்னால், "நம் முன்னோர் காலத்திலே குடிமராமத்து இல்லையா, ஏரி வாரியம் இல்லையா, அதுவும் கூட்டு முயற்சிதானே" என்று பழம்பெருமை பேசுவோர் பாய்ந்து வருவர். இருந்தது, மறுக்கவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தகன் காலத்து ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏரிக்கென ஒரு குழு, ஆண்டுக்கொருமுறை மாற்றம், கணக்குக் காட்டாதவர்க்கு மறுமுறை இடமில்லை என்ற விதி இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் அக்குழுவிலே இடம்பெற வேதப் பயிற்சி வேண்டும், வரி கட்டும் நிலம் வேண்டும் என்றும் அதே கல்தான் கூறுகிறது! மண் சுமந்தவனுக்குக் குடவோலையில் பெயரில்லை. கணக்குக் காட்டும் விதியை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். மற்றதைக் கல்லிலேயே விட்டுவிடுவோம்.

அண்மைக்காலப் பாடம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே 2002இல் ஏரி வளர்ச்சி ஆணையம் தோன்றிற்று. நாகவாரா, ஏப்பாள் முதலிய ஏரிகள் தனியார்க்குக் குத்தகையாயின. நாகவாராவின் கரையிலே கேளிக்கைப் பூங்கா எழுந்தது, வாயிலிலே கட்டணம் எழுந்தது. மீன் பிடித்தவர், மாடு மேய்த்தவர், காலையிலே காலார நடந்தவர் எல்லாரும் அயலாராயினர். 2008இல் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏரிகளைக் காக்க விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. மாவட்டந்தோறும் ஏரிப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. பத்தாண்டு அலைச்சல்! ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே விழித்திருந்தால் மிச்சமாகியிருக்கும் அலைச்சல்.

மறுபுறத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் அடியிலே, பழைய கப்பல் துறைகளைப் பூங்காவாக்கினார்கள், 85 ஏக்கர். 2002ஆம் ஆண்டு மாநில ஆளுநரும் நகர மேயரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பராமரிப்புச் செலவைப் பூங்காவே ஈட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக ஓரங்களில் குடியிருப்புகளும் விடுதியும் கட்டத் தனியாரை விட்டார்கள். ஆனால் நிலத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார்கள்; பூங்காவுக்குள் நுழையக் காசில்லை. அங்கும் சச்சரவு உண்டு. கரையோரத்தில் பணக்காரர் மாளிகை எதற்கு என்று வழக்குகூட நடந்தது. எனினும் விளையாட்டுத் திடலில் ஓடும் பிள்ளையிடம் எவரும் சீட்டுக் கேட்பதில்லை.

நம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் தீராமல் கிடக்கிறது. அம்பத்தூர், பட்டரவாக்கம் பகுதிகளின் வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கொரட்டூர் ஏரியைக் கெடுத்தன; அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் நான்கு இருக்கை போட்டு, இருக்கையைவிடப் பெரிய பெயர்ப்பலகை நடுவதைக் கண்டிருக்கிறேன். கழிவை விட்டவன் அதற்குத் தண்டம் கட்டுவது வேறு, கருணை காட்டுவது வேறு. முதலாவதைக் கேட்டு வாங்காத நகராட்சி, இரண்டாவதற்கு மாலையோடு போய் நிற்பானேன்?

ஆகவே கூட்டு வருமானால் வரட்டும். படகும் கடையும் தனியாரிடம் இருக்கட்டும். கரையும் நடைபாதையும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். ஏரியின் ஆழமும், நீர் வரும் கால்வாயும், உபரி நீர் போகும் கலங்கலும் அலங்காரத்துக்காக ஓரடிகூடக் குறையலாகாது. 2015 திசம்பரில் இப்பகுதித் தெருக்களில் நின்ற வெள்ளம் அதற்குச் சாட்சி. ஆண்டு வரவுசெலவு வாயிலிலேயே ஒட்டப்பட வேண்டும்.

இவை ஒப்பந்தத்தில் உண்டா இல்லையா என்று கையெழுத்தாகும் முன்பே கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் உள்ள படிப்பகத் தோழர்கள் ஏரிக்கு ஒருவராகப் பொறுப்பேற்று எழுதட்டும். நகலைத் தமிழிலே தரும்படி கேளுங்கள். கரையிலே குடியிருப்போர்க்குப் படித்துக் காட்ட வேண்டுமல்லவா!