தூரம் போனவள் முன்னதாகத் திரும்புகிறாள்

பசிபிக் பெருங்கடலின் நடுவில், கலிஃபோர்னியாக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஒரு பெண் யானை சீல் மூச்சு வாங்க மேலே வருகிறது. இரண்டு நிமிடம்தான் இருக்கும். அதன் தலைமயிரில் பசையால் ஒட்டியிருக்கும் சின்னக் கருவியின் ஆண்டெனா தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் சமிக்ஞை கிளம்புகிறது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவரும் ஆர்கோஸ் செயற்கைக்கோள் ஒன்று அந்த நேரத்தில் அந்த வட்டாரத்தைக் கடந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். வந்த அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்குள் சீல் மறுபடி மூழ்கியிருக்கும். கடல்நீருக்குள்ளிருந்து அந்த அலை மேலே வராது. அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு அது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இப்படிச் சேர்ந்த புள்ளிகளால் வரைந்த பயணப் பாதைகளைப் பற்றிப் படித்தது, இந்த வயதில் எனக்கு வாய்த்த மிக நல்ல வாசிப்புகளில் ஒன்று. அதிலிருந்து எனக்குக் கிடைத்ததை இளையவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஆன்யோ நுவேவோ என்று ஒரு கடற்கரை. வடபசிபிக் யானை சீல்கள் அங்கே ஆண்டுக்கு இருமுறை கரையேறும். ஒருமுறை குட்டி ஈன, ஒருமுறை பழைய மயிரை உதிர்க்க. எண்ணெய்க்காக 19ஆம் நூற்றாண்டில் வேட்டையாடி இந்த இனத்தையே ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். மெக்சிகோவின் குவாடலூப்பே தீவில் ஒதுங்கிய சிறு கூட்டம் மட்டும் பிழைத்தது. 1922இல் மெக்சிகோ அரசு அவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தது. அந்தச் சிலவற்றின் வழிவந்தவைதான் இன்று பசிபிக்கில் நீந்தும் லட்சத்துக்கும் மேற்பட்ட சீல்கள். ஆன்யோ நுவேவோ தீவில் 1961இலும், எதிரே நிலக்கரையில் 1975இலும் முதல் குட்டிகள் பிறந்தன. சாந்தா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960களிலிருந்து தலைமுறை தலைமுறையாக அவற்றைக் கவனித்துவருகிறார்கள்.

தாய் சீலின் பெரிய பயணம் கோடையின் தொடக்கத்தில், மயிர் உதிர்த்த பிறகு ஆரம்பிக்கிறது. வயிற்றில் கருவோடு போகிறது. ஏழெட்டு மாதம் நிலத்தையே தொடுவதில்லை. போகவர 10,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஆண்கள் அலாஸ்காவின் கரையோர ஆழங்களுக்குப் போகும். பெண்கள் திறந்த கடலுக்குள் போகும். சாதாரணமாக 400, 600 மீட்டர் ஆழத்தில் இரை தேடும். வேண்டும்போது 1,500 மீட்டருக்குக் கீழும் இறங்கும். தூக்கத்தைப் பற்றி 2023இல் தெரியவந்தது என்னை உலுக்கிவிட்டது. கடலில் இருக்கும்போது அது ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறது. அதுவும் ஒரே வீச்சில் அல்ல. மூழ்கும் நேரத்தில், சில நிமிடங்கள், சுருள் சுருளாகக் கீழே இறங்கியபடி தூங்குகிறது. மேற்பரப்பில் தூங்கினால் சுறாவும் கொலைத்திமிங்கிலமும் விடா.

இவ்வளவு பாடும் எதற்கு? ஜனவரியை ஒட்டிக் குட்டி பிறக்கும். பிறந்த குட்டியால் கடலில் பிழைக்க முடியாது. மணலில்தான் பிறக்க வேண்டும். தாய் சுமார் நான்கு வாரம் பால் கொடுக்கும். அந்த நான்கு வாரமும் அதற்கு ஒரு வாய் இரை கிடையாது. கடலில் சேர்த்த கொழுப்புதான் பாலாகிறது. தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிட்டு, குட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு, மறுபடி கடலுக்குப் போய்விடும். ஆக, போதுமான அளவு தின்றும் இருக்க வேண்டும், நாள் தவறாமல் வந்தும் சேர வேண்டும். இரண்டில் எது தவறினாலும் குட்டி இல்லை.

ஆய்வாளர் ராக்சேன் பெல்ட்ரான் தலைமையிலான குழு 108 பெண் சீல்களின் பாதைகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டது. எல்லாம் ஒரே நாளில் திரும்பவில்லை. வெகுதூரம் போனவை முன்னதாகவே கரையை நோக்கித் திரும்பிவிட்டன. பக்கத்தில் இருந்தவை தாமதமாகக் கிளம்பின. எங்கிருந்து புறப்பட்டாலும் பேற்றுக்குச் சில நாள் முன்பு கரை சேர்ந்தன. கரை எவ்வளவு தூரம், கையில் எத்தனை நாள் இருக்கிறது என்ற இரண்டும் அவற்றுக்குத் தெரிந்திருக்கின்றன. எதைக்கொண்டு அறிகின்றன என்பதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சீல் யோசித்து, பொறுப்புணர்ந்து இதைச் செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். மனித மனத்தை அதன் தலையில் ஏற்றுவது அதற்குச் செய்யும் நியாயமாகாது. ஆனால் யோசிக்கத் தெரிந்த நாம் இந்தக் கணக்கைப் போடுகிறோமா?

பிழைப்புக்காகத் தூரம் போனவர்களை என் தலைமுறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். போனதில் தப்பே இல்லை; இரை இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். “இன்னும் ரெண்டு வருஷம், வந்துடறேம்மா” என்று சொன்னவர்கள் பொய் சொன்னவர்களும் அல்ல. பக்கத்து ஊரில் இருப்பவன் போடுகிற கணக்கையே கடல் கடந்திருந்தவர்களும் போட்டார்கள். நாளைக்குக் கிளம்பினால் நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தார்கள். விமானம் அவ்வளவு வேகமாகத்தான் போகிறது. ஆனால் வேலையை ஒப்படைக்க வேண்டும், கடனை முடிக்க வேண்டும், பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் வருஷங்கள் ஆகும். வந்து சேர்ந்தபோது, அம்மாவுக்கு மகனை அடையாளம் தெரியாமல் போன வீடுகள் உண்டு.

மைல் கணக்கில் இல்லாத தூரமும் இருக்கிறது. ஒரே தெருவில் இருந்துகொண்டு இருபது வருஷம் பேசாத அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் பத்திரிகையை நீட்டினால் அந்தத் தூரம் கடந்துவிடுமா? ஒரு வருஷம் முன்னாடியே, ஒரு காரியமும் இல்லாதபோது, சும்மா போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அண்ணன் முகம் கொடுக்காவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். குடும்பத்துக்காக என்று தொழிலில் மூழ்கியவர்களுக்கும் இதுதான். பதினைந்து வயதுப் பையனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நெருங்கிவிட முடியாது.

திரும்பத் தொடங்கும் நாளில் இரை தீர்ந்துபோயிருக்காது என்பதுதான் இதில் கடினம். இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று எப்போதும் தோன்றும். பணம் போதாமல் திரும்புவதும் ஆபத்துதான். வெறுங்கையோடு வந்து வீட்டுக்குப் பாரமானவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவாருங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் உண்மையாக அளந்துகொள்ளுங்கள். வருகிறேன் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் இன்று ராத்திரி அவர்களைக் கூப்பிட்டுத் தேதியைச் சொல்லுங்கள். காலையில் போய் அந்தத் தேதிக்கு விடுப்பு எழுதிக் கொடுங்கள்.