கியான்ட்டியின் வெண்சாலைகளில் ஒரு சைக்கிள் பயணம்

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், சியெனா நகருக்கு வடகிழக்கே கியான்ட்டி மலைகளுக்கு நடுவே இருக்கிறது காயோலே. செப்டம்பர் கடைசியில், திராட்சை அறுவடை நடக்கும் நாட்களில் அங்கே போய் ஒரு கிராவல் சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். பந்தய சைக்கிளுக்கு உள்ளதுபோல வளைந்த ஹேண்டில்பார். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அகலம். கடைக்காரர் என் எடையைக் கேட்டுக்கொண்டு, டயரிலிருந்து காற்றை இறக்கி 35 பி.எஸ்.ஐ.யில் நிறுத்தினார். “காற்று அதிகமா இருந்தா சரளையில வண்டி துள்ளும். கொஞ்சம் தளர்ந்தாத்தான் டயர் கல்லைப் பிடிக்கும். இறக்கத்துல முன் பிரேக்கைத் திடீர்னு அழுத்தாதீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

தெற்கே கொஞ்ச தூரம் தார்ச்சாலை. புரோலியோ கோட்டையின் அடிவாரத்தில் அது விலகிக்கொள்ள, வெண்சாலை தொடங்குகிறது. சுண்ணாம்புக்கல் உடைத்துப் பரப்பிய பாதை. இருபுறமும் சைப்ரஸ் மரங்கள். தாரில் கேட்காத ஒரு ஓசை இங்கே கூடவே வருகிறது: டயருக்கு அடியில் கல் நொறுநொறுவென்று அரைபடும் ஓசை. செங்குத்தான இடத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்குகிறது. இருக்கையில் உட்கார்ந்தபடியே சின்ன கியரில் நிதானமாக மிதித்தால்தான் ஏற முடியும். வேகத்தைச் சாலைதான் தீர்மானிக்கிறது. நாம் ஒத்துப்போக வேண்டும்.

மேலே உள்ள கோட்டை 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் வசம் உள்ளது. 1861-இல் காவூருக்குப் பிறகு இத்தாலியின் பிரதமரான பெத்தினோ ரிக்காசோலி இந்த வீட்டுக்காரர்தான். எந்தத் திராட்சையை எதனோடு கலந்தால் நல்ல கியான்ட்டி ஒயின் கிடைக்கும் என்று பல ஆண்டுகள் செய்துபார்த்து, சான்ஜோவேசே ரகமே அடிப்படை என்று 1872-இல் எழுதிவைத்தார். கோட்டையைச் சுற்றி இன்றும் அந்தக் கருந்திராட்சைதான் தொங்குகிறது. நான் போன நேரம், வரிசைக்குள் குனிந்து கொத்துகளைக் கத்தரித்து, சிவப்புப் பிளாஸ்டிக் கூடைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிரம்பிய இழுவைப் பெட்டியோடு டிராக்டர் வர, நான் ஓரம் ஒதுங்கி நின்றேன். ஓட்டியவர் கையை உயர்த்திவிட்டுப் போனார். பின்னால் வெண்புழுதி எழுந்து முதல் வரிசைக் கொடிகளின் இலைகள்மேல் படிந்தது.

இங்குள்ள மண்ணில் இரண்டு கற்கள் முக்கியம். அல்பெரேசே என்பது கெட்டியான சுண்ணாம்புக்கல். கலெஸ்த்ரோ என்பது கையால் பிட்டாலே தகடு தகடாக உதிரும் களிக்கல். நீர் தேங்காத இந்தக் கல்மண்ணில் கொடி வேரை ஆழமாக இறக்குகிறது. தோண்டும்போது வெளிவந்த அல்பெரேசே கற்களை அடுக்கித்தான் சரிவுகளில் தாங்குசுவர்கள் எழுப்பினார்கள். சாலையும் சுற்றுவட்டாரத்துக் கல்லால் ஆனது. அதனால்தான் வயலும் சுவரும் பாதையும் ஒரே நிறத்தில் இருக்கின்றன.

கோட்டையைத் தாண்டி வால்யால்யி ஊர்வழியாக ராத்தாவை நோக்கிப் போகும் பாதையில் காடு வந்து சூழ்கிறது. ஓக் மரங்கள், உயரம் கூடக்கூடச் செஸ்நட். வெயிலில் காய்ந்த முதுகுக்கு நிழல் இதமாக இருந்தது. ஒயினுக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு என்பதை நேரில் வந்துதான் நம்ப முடிகிறது. காட்டுப்பன்றிகளுக்குப் பயந்து தோட்டங்களைச் சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்கள்.

காட்டுக்குள் சில இடங்களில் இடிந்த தாங்குசுவர்கள் தெரிகின்றன. ஒரு காலத்தில் அங்கே பயிர் இருந்தது. நிலக்கிழாரின் நிலத்தில் உழைத்து, விளைச்சலில் பாதியைக் கொடுக்கும் வாரமுறை இங்கே நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. வாரக்குடிகளின் கல்வீடுகளைக் கோட்டையோடும் கோவிலோடும் சந்தையோடும் இணைக்கத்தான் இத்தனை மண்சாலைகள் உண்டாயின. 1950-களிலும் 60-களிலும் குடியானவர்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். புதிதாக வார ஒப்பந்தம் போடுவதை 1964-இல் சட்டம் தடுத்தது. வீடுகள் காலியாயின, கைவிட்ட சரிவுகளைக் காடு எடுத்துக்கொண்டது. எஞ்சிய சாலைகளோ ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறையத் தொடங்கின.

அதைத் தடுக்க நினைத்தவர்களில் ஒருவர் ஜான்கார்லோ புரோச்சி. 1997-இல் அவர் காயோலேயில் ‘லெரோய்க்கா’ என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். 1987-க்கு முந்தைய வகை சைக்கிள்களில், பழைய கம்பளிச் சட்டையோடு, வெண்சாலைகளில் ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்தப் பயணத்தின் 209 கிலோமீட்டர் சுற்றுவழிக்கு நிரந்தரப் பலகைகள் உண்டு. ஆண்டு முழுவதும் யாரும் தனியாகவே ஓட்டலாம். 2007-இல் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் இதே சாலைகளுக்கு வந்தது. 2015 முதல் பெண்களுக்கும் பந்தயம் நடக்கிறது.

சாலையை மண்ணாகவே விட்டுவைப்பது சும்மா இருப்பதல்ல. ஓட்டிப் பார்க்கும்போது அது உடம்பிலேயே தெரிகிறது. நன்றாகப் பேணிய பகுதியில் நடு சற்று உயர்ந்து இருபுறமும் சரிகிறது. மழைநீர் ஓடிப்போக ஓரத்தில் வாய்க்கால். பேணாத இடத்தில், வேகமாகப் போகும் வண்டிகளின் சக்கரம் சரளையைத் தட்டித் தட்டி, குறுக்கே வரிவரியாக மேடுகள் எழுந்திருக்கின்றன. அதில் இறங்கியதும் கைமுட்டியிலிருந்து தாடைவரை அதிர்கிறது. பிளேடு வண்டி கொண்டு சுரண்டி, புதுச் சரளை கொட்டி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மலைமுகட்டில் நிற்கும் ராத்தாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டேன். கருஞ்சேவல் முத்திரை பதித்த கியான்ட்டி கிளாசிக்கோ உற்பத்தியாளர் சங்கம் 1924-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். சேவலுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஃபுளோரன்சும் சியெனாவும் எல்லைக்குச் சண்டையிட்ட காலம். சேவல் கூவியதும் இரு நகரிலிருந்தும் குதிரைவீரன் புறப்பட வேண்டும். சந்திக்கும் இடம் எல்லை. ஃபுளோரன்ஸ்காரர்கள் ஒரு கருஞ்சேவலைப் பட்டினி போட, அது விடியுமுன்பே கூவிவிட்டது. சியெனாவை நெருங்கிய பிறகுதான் இருவரும் சந்தித்தார்களாம். அங்கிருந்து ஏறி, பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் அமைத்த கோல்திபுவோனோ மடத்தைக் கடந்து, காட்டு வழியே காயோலேக்கு இறங்கினேன்.

தார் போட்டால்தான் முன்னேற்றம் என்று நாம் பழகியிருக்கிறோம். நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் போகும் சாலைக்கு அது நியாயம். ஆனால் எல்லாச் சாலைக்கும் ஒரே விதி தேவையில்லை. இந்தப் பாதைகளில் கார் மெதுவாகத்தான் போக முடியும். அதனாலேயே சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் டிராக்டருக்கும் இடம் கிடைக்கிறது. ஓட்டப் போகிறவர்கள் அறுவடை வண்டிக்கு வழிவிடுங்கள், இறக்கத்தில் சக்கரத்தைப் பூட்டிச் சரளையைக் கிளறாதீர்கள், ஊர்க்கடையில் சாப்பிடுங்கள். ஒரு வெண்சாலையைப் பராமரிக்கச் செலவாகிறது. அந்தச் செலவு வீணில்லை என்று உள்ளூர்க்காரருக்குக் காட்டுவது அதில் ஓட்டுகிறவர்களின் பொறுப்பு.