விசிறியில்லாப் பெட்டிகள்

சத்தம் போடாத இயந்திரமே நல்ல இயந்திரம் என்ற எண்ணம் நம் வீடுகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. மேசைக்கணினி இரைந்தால் எரிச்சல்படுகிறோம். தொலைக்காட்சிக்கு அருகே இரவும் பகலும் விழித்திருக்கும் செட்டாப் பெட்டியையும் இணைய மோடத்தையும், அவை மூச்சுக்கூட விடுவதில்லை என்று கருதி மறந்துபோகிறோம். உண்மையில் அவையும் மூச்சு விடுகின்றன. அடித்துளைகளின் வழியே நுழையும் காற்று உள்ளே சூடேறி, இலேசாகி, மேல்துளைகளின் வழியே வெளியேறுகிறது. விசிறி செய்யவேண்டிய வேலையை அங்கே காற்றே செய்துகொள்கிறது.

வேடந்தாங்கலில் எங்கள் அத்தை வீட்டில் அந்த மூச்சு அடைபட்டுக் கிடந்தது. 2006இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிக்கென அத்தை பூவேலை செய்து தைத்த உறை, அந்த 14 அங்குலப் பெட்டி போன பிறகும் பிழைத்திருந்தது. அதை நான்காக மடித்துச் செட்டாப் பெட்டியின்மேல் போர்த்தி, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்திருந்தார். இரண்டு கோடைகளில் இரண்டு பெட்டிகள் உயிர்விட்டன. மாமா போன பிறகு மாலைப்பொழுதுகளில் அந்த வீட்டில் கேட்கும் ஒரே பேச்சுக்குரல் தொலைக்காட்சியுடையது என்பதால், எங்களுக்கு இது சிறு விஷயமாகப் படவில்லை.

பெட்டிக்குள் சுற்றுப்பலகையில் நிற்கும் சிறு உருளைகள் மின்தேக்கிகள். அவற்றுள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினரின் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் மின்தேக்கி, 85 டிகிரியில் 8000 மணி நேரம் உழைக்கும். ஓயாமல் ஓடும் பெட்டியில் அது ஓர் ஆண்டுக்கும் குறைவு. 65 டிகிரியில் வைத்தால் மூன்றரை ஆண்டுகளைக் கடந்துவிடும். இந்த 20 டிகிரி வித்தியாசத்தை உண்டாக்க ஒரு துணியும் ஒரு கண்ணாடிக் கதவும் போதும்.

பழைய ஓட்டு வீடாக இருந்தவரை, வீடே ஒரு விசிறியில்லாப் பெட்டியாக இருந்தது. அனல் ஓட்டிடுக்குகளின் வழியே போய்விடும். இன்றைய கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வாங்கிய வெயிலை, சரியாகத் தொடர்கள் ஓடும் நேரத்தில் அறைக்குள் இறக்குகிறது. ஏரியில் நாரைகள் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதையும், நீர்க்காகங்கள் வாய்பிளந்து தொண்டையைப் படபடவென்று அடித்துச் சூட்டைக் கழிப்பதையும் ஆண்டுதோறும் பார்க்கும் ஊர் இது. வியர்வைச் சுரப்பி இல்லாத உயிர்கள் அவை. பெட்டிக்கு அந்தத் தொண்டைகூடக் கிடையாது.

நிற்க. உறையை எடுக்கலாம் என்றதும் அத்தை ஒப்பவில்லை.

"தூசி அடையும். பல்லி பூந்து முட்டை வெச்சிடும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"தூசியைத் துடைச்சுக்கலாம் அத்தை. சூட்டைத் துடைக்க முடியாதே?"

பல்லியைப் பற்றி அவர் சொன்னது நியாயந்தான். கதகதப்பான துளை அதற்குப் பிடித்த இடம். ஆகவே பெட்டியைச் சுவரோரத்திலிருந்து தள்ளி, திறந்த பலகையில், இரண்டு ரீப்பர் துண்டுகளின்மேல் அடிப்பக்கமும் காற்றாட வைத்தோம். உறை இப்போது தையல் இயந்திரத்தின்மேல் இருக்கிறது. ஞாயிறுதோறும் பழைய வண்ணத்தூரிகையால் துளைகளைத் தட்டிவிடும் வேலையைப் பேரன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். கத்திரி வெயில் கழிந்துவிட்டது. மூன்றாவது பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.