2030-ல் லீவு வேணும், சார்!

சின்ன வயசில் லீவு என்றால் எனக்குப் பெருமாள்மலைதான். கொடைக்கானலுக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். அங்கே தாய்மாமா வீடு.

வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போதே அம்மா கையில் எலுமிச்சம்பழத்தைத் திணிப்பாள். 'மோந்துக்கிட்டே வாடா!' டம்டம் பாறை வருவதற்குள் எலுமிச்சம்பழம் தோற்றுவிடும். ரேடியேட்டர் கொதித்து பஸ் நிற்கும். கண்டக்டர் குடத்தோடு ஓடுவார். ஒருத்தராவது வாட்சைப் பார்க்கணுமே... ஊஹூம்!

மாமா வீட்டில் டி.வி. கிடையாது. நாலு பேரி மரம், ரெண்டு பிளம்ஸ் மரம், வாசலில் ஒரு பெஞ்சு. மத்தியானம் மூணு மணிக்கு மாமா அதில் உட்கார்ந்துவிடுவார்.

'என்ன மாமா பண்றீங்க?'

'மேகம் இறங்குது மாப்ள. பாத்துக்கிட்டிருக்கேன்.'

'அப்புறம்?'

'அப்புறம் ஏறும்.'

அன்றைய புரோகிராம் அவ்வளவுதான். எனக்குப் போரடிக்கும். போரடித்த கொடுமையில் எறும்புகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1994-ல் காலாண்டுப் பரீட்சை லீவில் போனபோது குறிஞ்சி பூத்திருந்தது. எனக்குப் பத்து வயசு. மலைச்சரிவு பூராவும் நீலம். 'பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். அடுத்தது 2006. ரெண்டு பேரும் சேந்து பாப்போம்' என்றார் மாமா.

2006-ல் எனக்கு முதல் வேலை. புரொபேஷன். பாத்ரூம் போகவே பர்மிஷன் கேட்ட காலம். 'அடுத்த தடவை மாமா' என்றேன்.

அடுத்த தடவையும் வந்தது. 2018. இப்போது நான் டீம் லீடர். 'பூ பாக்கணும் சார்' என்று லீவு கேட்டேன். 'கூகுள்ல பாருங்க பாஸ்' என்றார் மேனேஜர். பார்த்தேன், எட்டு செகண்ட். அதற்குள் ஒரு மெயில் வந்துவிட்டது.

கடைசியில் 2025 மே மாதம் கிளம்பினேன். சீசனுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று ஐகோர்ட் கணக்கு வைத்திருந்தது. மாமா வீட்டுக்குப் போக இ-பாஸ் எடுத்த முதல் மருமகன் நானாகத்தான் இருப்பேன்!

கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டும்போது ஒன்று தோன்றியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். தினமும் அதே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். நடுவில் யாராவது போன் போட்டு 'ஸ்டேட்டஸ் என்ன?' என்று கேட்டிருந்தால் அதோடு மலையிறங்கியிருப்பார்.

மாமாவுக்கு 85 வயசு. கைத்தடியோடு வந்தார். கோக்கர்ஸ் வாக்கில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். கீழே பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரிந்தது. செல்போன் அடித்தது. ஆபீஸ்.

'ரெண்டே நிமிஷம் மாமா!'

சிக்னலைத் தேடி அந்தக் கோடிக்குப் போனேன். பேசி முடித்துத் திரும்பியபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மாமா அதே பெஞ்சில், அதே இடத்தில், தனியாக. கீழே பள்ளத்தாக்கு அப்போதும் பளிச்சென்றுதான் இருந்தது.

'மேகம் இறங்குச்சு மாப்ள. ஏறிடுச்சு.'

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கூட வந்த பையனுக்கு டைம் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

இறங்கி வரும்போது அவரே ஆரம்பித்தார். 'அடுத்த குறிஞ்சி 2030. எனக்குத் தொண்ணூறு ஆயிரும். ஆனா நான் ஃப்ரீதான். நீ எப்படி?'

சென்னை திரும்பிய அன்று ராத்திரியே ஆபீஸ் கம்ப்யூட்டரில் லீவு அப்ளை பண்ணினேன். 2030 செப்டம்பர், ஒரு வாரம். காரணம்: பூ.

'சரியான தேதியைத் தேர்ந்தெடுக்கவும்' என்கிறது கம்ப்யூட்டர்.

இதைவிடச் சரியான தேதி எதுங்க?